ஃபவுண்டன் கிட்: பம்பு பாஸ், டியூப் ஃபெயில்

வீட்டிலேயே நீரூற்று அமைப்பவர்களுக்கென்று விற்கப்படும் சிறிய ஃபவுண்டன் கிட் பெரும்பாலும் ஒரே சரக்குதான். பெட்டியும் ஸ்டிக்கரும் மாறும், உள்ளே இருப்பது மாறாது. தண்ணீருக்குள் முழுக வைக்கும் 18 வாட் ஏசி பம்பு, தண்ணீரைப் பூவாகவோ குடையாகவோ பாய்ச்சும் முனையான நாசில் இரண்டு மூன்று, நாசிலை உயர்த்தித் தூக்க ஒன்றோடொன்று செருகும் குச்சிக் குழாய்கள், ஒரு மீட்டர் அளவு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், அதைப் பம்பில் மாட்ட ஒரு அடாப்டர், படம் மட்டும் போட்ட ஒரு தாள். பெட்டியின் மேல் 1100 லிட்டர், 1.85 மீட்டர் என்று இரண்டு எண்கள் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: பம்பை நம்பி வாங்கலாம். நாசில்களில் ஒன்று தேறும். டியூப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 1100 லிட்டர் என்பது, தண்ணீரை மேலே தூக்கும் வேலையே இல்லாமல், டியூப்பும் மாட்டாமல் ஓடும்போது வரும் அளவு. 1.85 மீட்டர் என்பது அந்த உயரத்தோடு தண்ணீர் நின்றுபோகும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது என்ற அளவு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கவே கிடைக்காது. ‘1.85 மீட்டர் உயரத்தில் 1100 லிட்டர் கொட்டும்’ என்று படித்துக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் பிறகு பம்பு டூப்ளிகேட் என்று திட்டுகிறார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டால் உத்தேசக் கணக்கு வந்துவிடும்: 60 செ.மீ. தூக்கினால் சுமார் 740 லிட்டர், ஒரு மீட்டர் தூக்கினால் சுமார் 500 லிட்டர். உயரத்தை அளக்கும்போது பம்பிலிருந்து அளக்கக் கூடாது. கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாய்வரைதான் கணக்கு.

இதில் டியூப் தின்பது தனி. கிட்டோடு வரும் டியூப் உள்விட்டம் 8 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு குறுகலான குழாயில் தண்ணீர் வேகமாக ஓடியாக வேண்டும், வேகம் கூடக் கூட உரசலில் போகும் இழப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஒரு மீட்டர் நீள டியூப்பில், 60 செ.மீ. உயரத்துக்குத் தூக்கும் இதே பம்பைக் கணக்குப் போட்டால், 8 மி.மீ. டியூப்பில் மணிக்கு சுமார் 380 லிட்டர்தான் மேலே சேர்கிறது. 12 மி.மீ. போட்டால் 600, 16 மி.மீ. போட்டால் 700. பம்பை மாற்றாமல் டியூப்பை மட்டும் மாற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர். கிட்டைத் தயாரிப்பவர்கள் இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மெல்லிய டியூப் மலிவு, சின்னப் பெட்டிக்குள் சுருட்டி அடைக்கவும் சுலபம், அவ்வளவுதான்.

கணக்கை நம்ப வேண்டாம் என்றால் வாளி இருக்கிறது. டியூப்பின் வாயைத் தண்ணீர் விழ வேண்டிய உயரத்தில் பிடித்து, 5 லிட்டர் குறித்த வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 18,000-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 30 நொடியில் நிறைந்தால் 600 லிட்டர். 47 நொடி ஆனால் 380 லிட்டர், டியூப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாற்றும்போது கறுப்பு டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி டியூப்பில் வெளிச்சம் புகுந்து உள்சுவரில் பாசி பிடிக்கும், அதைப் பிறகு எந்தக் குச்சி விட்டும் சுரண்ட முடியாது. மெல்லிய சுவருள்ள டியூப் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். பம்பின் வாயில் ஏற மறுத்தால் டியூப்பின் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் விட்டால் போதும், இளகி ஏறிவிடும். ஏறியதும் ஒரு கிளிப் போட்டு இறுக்குங்கள்.

பம்பு நல்ல பம்பு என்று சொல்வதற்குக் காரணம் அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதே. மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளான ‘காயில்’ முழுவதும் எபாக்சி என்ற கெட்டிப் பிசினுக்குள் அடைபட்டிருக்கிறது. தண்ணீரில் சுற்றுவது ரோட்டர் என்ற காந்த உருளையும், அதோடு சேர்ந்து தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரும் மட்டும். சுற்றும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுத்துத் தேயும் கார்பன் பிரஷ் கிடையாது, தண்ணீர் கசிந்து காயிலுக்குப் போக சீல் என்ற ஒன்றே கிடையாது. இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் இதழ்கள் வளையாமல் நேராக இருக்கும். இந்த வகை மோட்டார் ஆன் செய்யும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது, எப்படிச் சுற்றினாலும் தண்ணீர் தள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேர் இதழ். காந்தத்துக்கும் இம்பெல்லருக்கும் இடையில் கொஞ்சம் சும்மா சுற்றும் இடைவெளியும் விட்டிருப்பார்கள். கையில் திருப்பினால் ‘டக்’ என்று ஆடும். உடைந்துவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், மோட்டார் சுமையில்லாமல் கிளம்புவதற்கு அது தேவை.

இந்த வகை மோட்டார் என்பதால் ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டி வேகத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை பலிக்காது. ரோட்டர் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு சுற்றுகிறது. 50 ஹெர்ட்சில், இரண்டு துருவ ரோட்டர் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. வோல்டேஜைக் குறைத்தால் வேகம் குறையாது, ஒரு கட்டத்தில் தடுமாறி நின்று உறுமும். நின்ற நிலையில் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இந்த உறுமல் கேட்கும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமானால் பம்பின் முகத்தில் உள்ள திருகை நகர்த்துங்கள், அல்லது டியூப்பில் ஒரு சின்ன வால்வு போடுங்கள். வெளியே போகும் வழியை நெரிப்பதால் இந்த பம்புக்கு ஒன்றும் ஆகாது.

சத்தம் பற்றித்தான் அதிகம் புகார் வருகிறது. கரகர என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே பம்பைச் சாய்த்து, இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் குமிழி வெளியேறும். கடகட என்றால் ரோட்டர் சுற்றும் அச்சுக் குச்சியான ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்க வேண்டிய ரப்பர் புஷ்ஷில் ஒன்று காணாமல் போயிருக்கும். கழுவும்போது சிங்க்கில் போய்விடுகிற சாமான் அது, மிளகு அளவுதான் இருக்கும். ‘ம்ம்ம்’ என்று பானையே பாடினால் பம்பின் மேல் குற்றம் இல்லை, பம்பு சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை வையுங்கள். டியூப் மட்டும் பானையைத் தொட்டாலும் அதே பாட்டுதான்.

இனி நாசில். பூப்போல் பல அடுக்காக விரியும் நாசில், காளான் அல்லது குடைபோல் கவியும் நாசில், இவை இரண்டும் பெரும்பாலும் இருக்கும். குடை நாசில் பார்க்க அழகு, வீட்டுக்குள் காற்றில்லாத மூலையில் மட்டும். மாடியிலோ தோட்டத்திலோ சின்னக் காற்றுக்கே படலம் கிழிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பூ நாசிலின் 1.5 மி.மீ. துளைகளில் ஒரு மணல் போதும், ஒரு இதழ் காணாமல் போகும். ஊசியை வெளியிலிருந்து உள்ளே குத்தி மணலைப் பின்னால் தள்ளிவிட்டு, நாசிலைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுங்கள். தனித் தாரையாகப் பாய்ச்சுகிறவர்கள் நாசிலே வேண்டாம் என்று 3 மி.மீ. துளையிட்ட மூடி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் துளையில் 60 செ.மீ. உயரத் தாரைக்கு மணிக்கு 90 லிட்டர்கூடத் தேவையில்லை.

ஆனால் 60 செ.மீ. தாரை உங்கள் தொட்டி தாங்குமா? தாரை எவ்வளவு உயரமோ, நாசிலிலிருந்து தொட்டி விளிம்புவரை குறைந்தது அவ்வளவு தூரம் வேண்டும். 60 செ.மீ. தாரைக்கு 120 செ.மீ. அகலத் தொட்டி. 45 செ.மீ. தொட்டியில் 22 செ.மீ.க்கு மேல் போனால் தரை நனையும், காற்றுள்ள இடத்தில் அதிலும் பாதி. பெட்டியின் மேல் அட்டைப்படத்தில் சின்னச் சட்டியிலிருந்து ஆளுயரத்துக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.

அதனால் சின்ன இடத்துக்கு மேலே பாய்ச்சுவதைவிடக் கீழே வழியவிடுவதே சரி. இரண்டு கிண்ணம் போதும்: கீழே 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழத்தில் ஒரு தொட்டி, மேலே 25 செ.மீ. அகலத்தில் ஒரு கிண்ணம். கீழ்த்தொட்டியில் 20 செ.மீ. நிரப்பினால் சுமார் 32 லிட்டர் பிடிக்கும். இந்த 18 வாட் பம்புக்கு இந்த ஜோடி அளவாகப் பொருந்துகிறது. அகலமான திரைபோல் தண்ணீர் விழ வேண்டுமென்றால் கணக்கு வேறு. விளிம்பின் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 150 லிட்டர் அளவில் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த பம்பு நான்கைந்து செ.மீ. அகலத் திரைக்கு மேல் தராது. கிண்ணத்தின் விளிம்பு முழுக்கச் சீராக வழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு வாய் வெட்டி அதன் வழியே விடுங்கள்.

வாய் வைத்தாலும் ஒரு தொல்லை பாக்கி. டீயை மெதுவாக ஊற்றினால் கெட்டிலின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒழுகுமே, அதேதான் இங்கும். தண்ணீர் விளிம்பைத் தாண்டியதும் கீழே விழாமல் கிண்ணத்தின் வெளிச்சுவரைத் தடவிக்கொண்டு இறங்கி, அடியில் போய்ச் சொட்டும். காலையில் பார்த்தால் தொட்டிக்கு வெளியே குளம். விளிம்பின் அடிப்பக்கம், நுனியை ஒட்டிச் சிலிக்கோனால் ஒரு மெல்லிய வரம்பு போட்டால் தண்ணீர் அங்கே அறுந்து விழும். அல்லது கடப்பைக்கல் சில்லோ டைல் துண்டோ 2 செ.மீ. வெளியே நீட்டி, லேசாகக் கீழ்நோக்கி ஒட்டலாம். மேல்கிண்ணம் 2 மி.மீ. சாய்ந்திருந்தாலும் தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கமே போகும் என்பதால், ஒட்டுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடியில் வாசர் செருகிச் சரிசெய்துவிடலாம்.

கிட்டின் தாளில் இல்லாத இன்னொன்று: டியூப்பின் வாய் மேல்கிண்ணத்தில் தண்ணீருக்குள் முழுகியிருந்தால், பம்பை அணைத்ததும் மேலே உள்ள தண்ணீர் அதே டியூப் வழியாகக் கீழே இறங்கிவிடும். கீழ்த்தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் வழிந்து கொட்டும். வாயை நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிறுத்துங்கள், கீழே 5 செ.மீ. காலியாக விடுங்கள்.

பானைக்கு அடியில் துளையிட்டு வயரை வெளியே எடுக்கும் வேலைப்பாடு படத்தில் நன்றாக இருக்கும். பம்பு போனால் துளையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வயரைப் பின்விளிம்பு வழியாக எடுத்து ஒரு செடியால் மறைப்பது எவ்வளவோ மேல். துளை இருந்தே ஆக வேண்டுமென்றால் நியூட்ரல் வகை சிலிக்கோன் போட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். புளித்த வாடை அடிக்கும் வகை சிமெண்டில் சரியாகப் பிடிக்காது. மண்பானை என்றால் உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை பூச வேண்டும், இல்லையேல் பானையே தண்ணீரைக் குடித்து வெளியே உப்புப் பூக்கும். புது சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். சில நாள் ஊறவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன் பற்றி யோசிக்கலாம்.

கூழாங்கல்லைத் தொட்டி நிறையக் கொட்டுவது ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு. கல்லுக்கிடையில் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் சுமார் 40 சதவீதம்தான். 32 லிட்டர் தொட்டி 13 லிட்டராகிவிடும். வெப்பத்தில் திறந்த தண்ணீர் ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியாவது சகஜம். இந்தத் தொட்டியில் அது 0.8 லிட்டர், தெறிப்பையும் சேர்த்தால் 1.5 லிட்டர்கூடப் போகும். கல் நிறைந்த தொட்டியில் அதே 1.5 லிட்டர் போனால் மட்டம் இரண்டரை மடங்கு வேகமாக இறங்கும். பம்பின் வாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும். தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது, வறண்டு ஓடினால் சில மணி நேரத்திலேயே சூட்டில் கெட்டுப்போகலாம். பம்பின் மேல் ஒரு ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வலை விரித்து, ஒரே அடுக்கு கல் பரப்புங்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கூடையைத் தூக்கினால் பம்பு கைக்கு வரும். கல்லைக் கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். பம்புக்கு மேல் எப்போதும் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும், தொட்டியின் உட்சுவரில் அந்த மட்டத்துக்குப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் கண் தானாகப் பார்த்துக்கொள்ளும்.

பராமரிப்பில் உப்புதான் வில்லன். ஆவியாவது தண்ணீர் மட்டும், அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளுக்கு 1.5 லிட்டர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்தால் மூன்று வாரத்தில் ஒரு தொட்டி அளவு புதுத்தண்ணீரின் உப்பு உள்ளே வந்திருக்கும், தெறித்து வெளியே போவது போக மிச்சமெல்லாம் அங்கேயே சேரும். ஊற்றினால் மட்டும் போதாது, மூன்று வாரத்துக்கொரு முறை முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டும். மழைத்தண்ணீர் கிடைத்தால் வெள்ளைப் படிவம் பெரிதும் குறையும். ரோட்டரில் படிவம் ஏறினால் தண்ணீர் மெலிந்துவரும், பிறகு பம்பு கிளம்ப மறுக்கும். முன்மூடியைத் திருப்பிக் கழற்றி, இம்பெல்லரை நேராக இழுங்கள். காந்தம் கொஞ்சம் மல்லுக்கு நிற்கும். ஷாஃப்ட் பீங்கான், சாய்த்து இழுத்தால் ‘டிக்’கென்று முறியும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வரும். இந்த வினிகரைத் தொட்டியிலேயே ஊற்றாதீர்கள், பளிங்கும் சிமெண்டும் அரித்துப்போகும்.

ஓடுகிற தண்ணீரில் கொசு வராது என்பது பாதி உண்மை. கலங்கும் இடத்தில் முட்டை இடாது, ஆனால் கல்லிடுக்கில் அசையாமல் நிற்கும் தண்ணீர் அதற்குப் போதும். பம்பை நிறுத்தி வைத்த வாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வெப்பமான இடங்களில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆக ஒரு வாரம் பத்து நாள்தான். ஊருக்குப் போனால் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். பாசிக்கு மருந்து ஊற்றுவதற்கு முன் தொட்டியை நிழலுக்கு நகர்த்திப் பாருங்கள். தாமிரம் கலந்த பாசிக்கொல்லி மீனையும் இறாலையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மாற்று வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூஎஸ்பியில் ஓடும் 5 வோல்ட் பம்பு மேசைமேல் வைக்கும் சின்னக் கிண்ணத்துக்கு நல்லது. வாங்கும்போது பிரஷ் இல்லாத மோட்டாரா என்று பாருங்கள். மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு வரும் விரல் அளவு பம்பில் பிரஷ் தேயும், நாள் முழுக்க ஓட அது செய்யப்படவில்லை. மிதக்கும் சோலார் வட்டு, வயர் இல்லாத தோட்டத்துக்கு ஆசையைத் தூண்டும். பேட்டரி இல்லாத வகையில் மேகம் மறைத்தால் நின்றுவிடும், ஓரத்தில் ஒரு இலை நிழல் விழுந்தாலே பேனலின் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் மொத்தமும் சுருங்கிவிடும். மிதந்து கரைக்கு வந்து தண்ணீரையெல்லாம் வெளியே இறைத்துவிட்டு வறண்ட தொட்டியில் உட்கார்ந்திருப்பதும் அதன் குணம். மூன்று பக்கம் நைலான் நூல் கட்டி நடுவில் நிறுத்தினால் பிழைக்கும். மின்சாரமே இல்லாமல் பாட்டில்களில் என்றென்றும் ஓடுவதாகக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றனவே, அவை அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் பெயரால் அறியப்படும் பழைய ஏற்பாடு. மேல்பாட்டிலின் தண்ணீர் கீழே இறங்கி முடியும்வரை ஓடும், பிறகு நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஒரு பம்பு ஒளிந்திருக்கிறது.

கடைசியாக, பெட்டியைக் குறைசொல்லியே ஆக வேண்டிய இடம்: வயர். மெயின் மின்சாரத்தில் ஓடும் பம்புக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான வயரும் இரண்டு பின் பிளக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள். நீளம் போதாதென்று நடுவில் வெட்டி டேப் சுற்றுவது உயிரோடு விளையாடுவது. மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்சு உள்ள லைனில் மட்டும் மாட்டுங்கள். வயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி ஏறட்டும், வயரோடு வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பம்பை வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். குழந்தைகள் கை அளையும் இடமென்றால் இந்த கிட்டே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் வைத்து ஓட்டும் 12 வோல்ட் பம்பை எடுங்கள், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஓடும் செலவு சொற்பம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 5.4 யூனிட். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இம்பெல்லரும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் மாடலாக இருந்தால் ஒரு செட் சேர்த்தே வாங்கிவிடுங்கள், காயில் நன்றாக இருக்கும்போதே முறிந்துபோவது அந்தப் பீங்கான் குச்சிதான்.